உங்கள் புத்தகத்தைப் புகழ்ந்து ஒரு மின்னஞ்சல் வந்தால்

புத்தகம் வெளிவந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். நண்பர்கள் நாலைந்து பேர் வாங்கியிருப்பார்கள், அதில் ஒருவர் படித்தும் இருப்பார். அப்படி ஒரு நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து நீளமாக ஒரு மின்னஞ்சல் வருகிறது. நாவலின் பெயர், நாயகியின் பெயர், அவள் அம்மாவோடு பேசாமல் போன வருஷங்கள், அந்த மௌனத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதம், எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கும் அப்படி ஒன்று வந்தது. இரண்டு முறை படித்தேன், வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், மூன்றாவது முறை படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது: அதில் சொல்லியிருந்த ஒவ்வொரு விஷயமும் என் புத்தகத்தின் பின்னட்டைக் குறிப்பிலேயே இருந்தது. உள்ளே 200 பக்கங்களுக்கு மேல் இருக்கிறது, அதிலிருந்து ஒரு காட்சிகூட இல்லை.

முன்பெல்லாம் மோசடி மின்னஞ்சலைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். எழுத்துப் பிழை, தப்பும் தவறுமான இலக்கணம், ‘அன்புள்ள ஆசிரியரே’ என்று பொத்தாம்பொதுவான விளிப்பு. அந்த அடையாளங்களை நம்பி இனி உட்கார்ந்திருக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் புத்தகத்தின் அறிமுகக் குறிப்பையும் இணையத்தில் கிடக்கும் இரண்டு விமர்சனங்களையும் கொடுத்தால், உருகி உருகி ஒரு வாசகர் கடிதம் அரை நிமிஷத்தில் தயார். 2025-இல் இந்த வகைக் கடிதங்கள் வெள்ளம்போல வரத் தொடங்கின. அதனால் கடிதம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். பாராட்டு வரிகளை எல்லாம் மனதில் அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். உண்மையான வாசகர் கடிதத்தில் பாராட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது, அவருக்கு நம்மிடம் வேண்டியது ஒன்றுமில்லை. மோசடிக் கடிதத்தில் ஒரு கோரிக்கை மிஞ்சும். சில சமயம் முதல் கடிதத்தில் இருக்காது, மூன்றாவதிலோ நாலாவதிலோ வரும். அவர்கள் கேட்பது கடைசியில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: பணம், கடவுச்சொல், அல்லது கைப்பிரதி.

பணம் கேட்டு வருபவை

புத்தகக் குழு என்ற பெயரில் வருவதுதான் இப்போது அதிகம். ‘எங்கள் குழுவில் ஆயிரக்கணக்கான வாசகர்கள் இருக்கிறார்கள், அடுத்த மாதத் தேர்வாக உங்கள் நாவலை எடுத்திருக்கிறோம், ஒரு சிறு பங்கேற்புத் தொகை மட்டும்’ என்று வரும். உண்மையான புத்தகக் குழு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் புத்தகத்தை வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ படித்துவிட்டு, ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுத்தாளரைக் கூப்பிட்டால் விருந்தாளியாகத்தான் கூப்பிடுவார்கள், அவரிடம் காசு வாங்க மாட்டார்கள். நிஜமாகவே இயங்கும் குழுக்களின் பெயரையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களும் உண்டு. ஆக, குழு உண்மையாக இருப்பதால் மட்டும் கடிதமும் உண்மையாகிவிடாது. பணம் கட்டச் சொல்லும் கணக்கு குழுவின் பெயரில் இல்லாமல் வேறு யாரோ ஒரு தனிநபரின் பெயரில் இருக்கும், அல்லது பகுதிநேர வேலைக்கு ஆள் பிடிக்கும் தளம் ஒன்றில் இருக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது புகழ்பெற்ற எழுத்தாளரின் பெயரில் வரும் கடிதம். இது கொஞ்சம் பொறுமையான வேலை. முதலில் ‘இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று சாதாரணமாக ஒரு விசாரிப்பு. நீங்கள் மகிழ்ந்துபோய்ப் பதில் போடுவீர்கள், அவர் எழுத்தின் கஷ்டங்களைப் பற்றி இரண்டு மூன்று கடிதம் எழுதுவார், அப்புறம் ஒருநாள் ‘என் புத்தகங்களை வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருவர் இருக்கிறார், உங்களை அறிமுகப்படுத்தட்டுமா?’ என்று கேட்பார். கட்டணம் அந்த ‘ஒருவர்’ வழியாகத்தான் வரும். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த வகையைப் பார்த்துத்தான், ஏனென்றால் மூத்த எழுத்தாளர் ஒருவர் புதியவருக்கு எழுதுவது நிஜமாகவே நடக்கிற விஷயம், அந்த நம்பிக்கையையே இவர்கள் தின்றுவிடுகிறார்கள்.

சினிமா ஆசை காட்டுபவர்கள்தான் பெரிய தொகையாகப் பறிப்பவர்கள். ‘ஒரு தயாரிப்பு நிறுவனம் உங்கள் கதையில் ஆர்வமாக இருக்கிறது, ஆனால் அவர்களுக்குத் திரைக்கதை வடிவம் வேண்டும், ஒரு முன்னோட்டக் காணொளி வேண்டும்’ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். சினிமா உரிமை எப்படி வாங்கப்படுகிறது என்று தெரிந்தால் இது உடனே பிடிபடும். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு இந்தக் கதையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி, தயாரிப்பாளர் எழுத்தாளருக்கு முன்பணம் கொடுப்பதுதான் வழக்கம். திரைக்கதை எழுத வைப்பது அவர் செலவு. நெட்ஃப்ளிக்ஸ், அறிமுகம் இல்லாதவர்கள் நேரடியாக அனுப்பும் கதைகளை ஏற்பதில்லை என்று தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியே வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். பதிப்பாளர்களும் பட நிறுவனங்களும் புத்தகத்தை எடுக்கத் தயாராக இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே, 2017 முதல் 2024 வரை 800-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4.4 கோடி டாலருக்கு மேல் கறந்ததாக ஒரு நிறுவனத்தை நடத்தியவர்கள் மீது குற்றச்சாட்டு. சராசரி போட்டால் ஒருவருக்குச் சுமார் ஐம்பத்தைந்தாயிரம் டாலர் வருகிறது. ஒரே நாளில் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். இது கட்டினால் அது நடக்கும் என்று தவணை தவணையாகத்தான் போயிருக்கும்.

ஆங்கில எழுத்தாளர்கள் ‘யாக் விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள், ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சொன்னது: பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். சொந்தமாகப் பதிப்பிக்கிறவர்கள் பிழைதிருத்துநருக்கும் அட்டை வடிவமைப்பாளருக்கும் காசு கொடுக்கத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் அங்கே நீங்கள் ஆளைத் தேடிப் போகிறீர்கள், நாலு பேரிடம் விலை கேட்கிறீர்கள், அவர்கள் செய்த வேலையைப் பார்க்கிறீர்கள். கேட்காமலே வீடு தேடி வருகிறவரிடம் அந்த வாய்ப்பே உங்களுக்கு இல்லை. எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தரும் இலக்கிய முகவர்களும் முன்கூட்டிக் காசு கேட்பதில்லை, புத்தகம் விற்றபின் வரும் தொகையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வது ஆங்கிலப் பதிப்புலகில் பொதுவான வழக்கம், அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கம் தன் உறுப்பினர்கள் கைப்பிரதியைப் படித்துப் பார்க்கக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. அமேசான் கிண்டிலில் மின்னூல் ஏற்றவும் கட்டணம் கிடையாது. ‘அமேசான் பதிப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம், இந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது பொய்.

பேச அழைக்கிறோம் என்று சொல்லி, ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பிவிட்டு ‘மீதியை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பது பழைய தந்திரம். காசோலை சில நாள் கழித்துத் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய பணம் திரும்பாது.

கைப்பிரதியும் கடவுச்சொல்லும்

காசு கேட்கவில்லை என்பதால் நல்லவர் என்றும் ஆகிவிடாது. பதிப்பகத் துறையில் வேலை செய்த பிலிப்போ பெர்னார்டினி என்பவர் 2016 முதல் சில வருஷங்கள் பதிப்பாசிரியர்கள், முகவர்கள் பெயரில் எழுதி, வெளிவராத கைப்பிரதிகளை ஆயிரத்துக்கும் மேல் வாங்கிச் சேர்த்தார். 2022 ஜனவரியில் கைதானார், அடுத்த வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதற்காக அவர் 160-க்கும் மேற்பட்ட போலி டொமைன்களை, அதாவது மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பெயர்களை, பதிவு செய்திருந்தார். ஆங்கிலத்தில் சிறிய ‘எம்’ எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், அந்த மாதிரி முகவரிகள். தொழிலில் ஊறியவர்களே நம்பி அனுப்பினார்கள்.

கடவுச்சொல் வேட்டை வேறு முகத்தோடு வரும். ‘உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்’ என்றோ, ‘ஒப்பந்தத்தைப் பார்க்க உள்நுழையுங்கள்’ என்றோ. அந்தச் சுட்டியைத் தொடாமல், வழக்கமாக நுழைகிற வழியில் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, இன்றே போட்டுவிடுங்கள்.

எப்படிச் சோதிப்பது

அனுப்பியவர் பெயராகத் தெரிவதைப் பார்க்காதீர்கள், அதில் யார் பெயரையும் போட முடியும். பெயரை அழுத்தினால் முழு முகவரி தெரியும். ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம், அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். பதிப்பகத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ‘புக்ஸ்’, ‘எடிட்டோரியல்’ என்று ஒட்டியிருந்தால் அது வேறு டொமைன். பெரிய நிறுவனத்தின் பதிப்பாசிரியர் ஜிமெயிலிலிருந்து எழுதினாலும் சந்தேகப்படுங்கள். பதில் போகும் முகவரி வேறாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டொமைன் எப்போது பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் தெரிந்துவிடும், இருபது வருஷமாக இயங்குவதாகச் சொல்லும் நிறுவனத்தின் டொமைனுக்கு மூன்று மாதம்தான் வயது என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் துணைக்குத்தான். நான் முழுதாக நம்புவது ஒரே சோதனையை: அவர்கள் கொடுத்த வழியில் அவர்களைச் சரிபார்க்காதீர்கள். அவர்கள் தந்த தொலைபேசி எண், அவர்கள் தந்த இணையதளம், அவர்கள் காட்டும் ‘மகிழ்ச்சியடைந்த எழுத்தாளர்கள்’, எதுவும் வேண்டாம். கடிதம் எழுதியவர் எந்த நிறுவனத்தில் இருப்பதாகச் சொல்கிறாரோ அதன் தளத்தை நீங்களே தேடிப் போய், அங்கிருக்கும் தொடர்பு முகவரிக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதி, ‘உங்களிடமிருந்து எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது, நீங்கள்தானா?’ என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தங்கள் பெயரில் மோசடி நடப்பதை அவர்களும் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார்கள். இதற்கு இரண்டு நாள் ஆகுமே, அதற்குள் வாய்ப்புப் போய்விட்டால்? போகாது. புத்தகம் பதிப்பிக்கிற வேலை மாதக்கணக்கில் நகர்வது, இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவருக்குத்தான் நீங்கள் விசாரித்துவிடுவீர்கள் என்ற பயம். 1998-இலிருந்து இத்தகைய மோசடிகளைப் பதிவு செய்துவரும் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லை என்பதால் நல்ல நிறுவனம் என்று அர்த்தமில்லை, இவர்கள் பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்வார்கள்.

மோசடி என்று தெரிந்துவிட்டால் பதில் எழுதாதீர்கள், ‘வேண்டாம்’ என்றுகூட. முகவரி உயிரோடு இருக்கிறது என்பது தெரிந்தால் இன்னும் நாலு பேர் எழுதுவார்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால்

முதலில் வங்கியை அழையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிட வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு, எனவே தள்ளிப்போடாதீர்கள். கிரிப்டோவிலோ பரிசு அட்டையிலோ கொடுத்தது திரும்புவது கடினம். மின்னஞ்சல்கள், ரசீதுகள் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், புத்தகத்தின் உரிமை எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், பணத்தைவிட அது பெரிய இழப்பாக முடியலாம். நண்பர்களிடம் சொல்லுங்கள். படித்தவர்கள், உலகம் தெரிந்தவர்கள் எல்லாரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள், மறைக்க வேண்டிய விஷயமே இல்லை.

இன்னும் சில வாரம் கழித்து வழக்கறிஞர் என்றோ விசாரணை அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் எழுதுவார். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள், யாரிடம் இழந்தீர்கள் என்று சரியாகச் சொல்வார், மீட்டுத் தருகிறேன், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார். அந்தத் தொகை அவருக்கு எப்படித் தெரிந்தது? ஏமாந்தவர்களின் பட்டியல் முதலில் ஏமாற்றியவர்களிடம்தான் இருக்கிறது.