குதிரையின் நரம்புக் கோளாறுக்கு ஸ்டெம் செல்: ஊசி போடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பின்னங்கால் குளம்பு தரையில் உரசுகிறது, வளைந்து திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது, போன வாரம் வரை நன்றாக ஓடிய குதிரை இன்று நிற்கவே தடுமாறுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல், என்ற சொல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதில் பணமும் நாளும் வீணாவதும், சில சமயம் குதிரையே கைவிட்டுப் போவதும், பெரும்பாலும் செல்கள் உடம்புக்குள் போவதற்கு முன்னால் எடுத்த முடிவுகளால்தான்.

முதல் தவறு, நோய் என்னவென்று தெரியாமலே சிகிச்சையை முடிவு செய்வது. நரம்புக் கோளாறு என்பது ஒரே நோய் கிடையாது. கழுத்தெலும்பு குறுகித் தண்டுவடத்தை நெருக்கலாம், ஒட்டுண்ணி தண்டுவடத்துக்குள் புகுந்திருக்கலாம், வைரஸாக இருக்கலாம், வைட்டமின் ஈ பற்றாக்குறையாக இருக்கலாம், எப்போதோ விழுந்த அடியாகவும் இருக்கலாம். வெளியே தெரிவது எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே தள்ளாட்டம்தான்.

அது நரம்புக் கோளாறுதானா, வெறும் நொண்டலா என்பதிலேயே பலர் ஏமாந்துவிடுகிறார்கள். வலியால் நொண்டும் குதிரையின் தவறு ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி திரும்ப வரும், அதே கால், அதே இடத்தில் தலை ஏறி இறங்கும். நரம்பு கெட்ட குதிரைக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. ஒரு அடி அகலமாக விழும், அடுத்தது குறுக்கே விழும், அதற்கடுத்தது சரியாகவே இருக்கும். சிறிய வட்டத்தில் சுற்றவைத்தால் வெளிப்பக்கப் பின்னங்கால் தேவைக்கு மேல் வீசி விழுவதைப் பார்க்கலாம். நடக்கும்போதே வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் நல்ல குதிரை எதிர்த்து நிற்கும், பலவீனமானது இழுத்த பக்கமே வந்துவிடும். தலையை உயர்த்திப் பிடித்தபடி சரிவில் இறக்கினால், சமதரையில் தெரியாத தடுமாற்றம்கூடத் தெரிந்துவிடும். இதையெல்லாம் மருத்துவர்தான் செய்ய வேண்டும், தடுமாறும் குதிரை ஆள் மேலேயே விழக்கூடும். அவர் இதைச் செய்யாமலே செல் சிகிச்சை பற்றிப் பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. திடீரென்று ஆரம்பித்து நாளுக்கு நாள் மோசமாகும் நரம்பு அறிகுறி ரேபிஸாக இருக்கலாம், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்கள் உண்டு. குதிரை ஹெர்பிஸ் வைரஸ் 1 என்றால் காய்ச்சல், பின்பக்கத் தளர்ச்சி, சிறுநீர் தானாகச் சொட்டுவது, வால் துவண்டு தொங்குவது என்று வரும், பக்கத்துக் குதிரைகளுக்கும் தொற்றும். அந்தக் குதிரையை வண்டியில் ஏற்றி, செல் சிகிச்சை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, கைக்கு எட்டும் மருந்தை விட்டுவிட்டு எட்டாததைத் துரத்துவது. அமெரிக்கக் கண்டங்களில் அதிகம் காணப்படும், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் இபிஎம் என்ற நோய்க்குப் பெரும்பாலும் காரணம் சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. ஒபோசம் என்ற பிராணியின் எச்சத்தின் வழியாகத் தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கிறது. இதற்கு பொனாசுரில், டைக்லாசுரில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. முறையாகக் கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்ட குதிரைகள் ஓரளவாவது தேறும், ஆனால் எல்லாமே பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ஒட்டுண்ணி உயிரோடு இருக்கும்போது செல்களைச் செலுத்துவதில் அர்த்தமே இல்லை. இன்னொன்று, ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் உறுதி என்று நினைக்க வேண்டாம். ஒட்டுண்ணியோடு என்றோ தொடர்பு ஏற்பட்ட குதிரைகளில், நோயே இல்லாதவற்றிலும் அது இருக்கும். ரத்தத்தையும் மூளைத் தண்டுவடத் திரவத்தையும் சேர்த்துப் பரிசோதித்து ஒப்பிட்டால்தான் ஓரளவு தெளிவு வரும்.

வைட்டமின் ஈ விஷயமும் இப்படித்தான். பச்சைப் புல்லில் அது தாராளமாக இருக்கிறது, உலர்த்திச் சேமித்த புல்லில் பெருமளவு போய்விடுகிறது. மேய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காய்ந்த புல்லை மட்டும் தின்னும் குதிரைகளில் இந்தக் குறைவு வரும். குட்டிகளிலும் இளங்குதிரைகளிலும் தள்ளாட்டமாகத் தெரியும். வளர்ந்தவற்றில் இயக்க நரம்பணுக்கள் கெட்டு நடுக்கம், உடல் மெலிவு, அடிக்கடி படுத்துக்கொள்வது என்று வரும், அப்படிப்பட்ட குதிரை நிற்பதைவிட நடப்பதே அதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அளவு தெரிந்துவிடும். தெரிந்தபின் கொடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும்: செலினியம் என்ற தாதுவும் கலந்த கலவையை அள்ளிக் கொடுக்காதீர்கள், செலினியம் கூடினால் விஷம். வைட்டமின் ஈ மட்டும் தனியாக, இயற்கை வடிவத்தில் இருப்பது உடம்பில் நன்றாகச் சேரும்.

சரி, கழுத்தெலும்பு நெருக்கும் வாப்லர் நோய்க்கு வருவோம், ஸ்டெம் செல் கேட்டு வருபவர்களில் நிறையப் பேரின் குதிரைக்கு இதுதான். வேகமாக வளரும் இளங்குதிரைகளில் எலும்பு அமைப்பே குறுகலாக இருக்கும், வயதானவற்றில் கழுத்து மூட்டுகள் தேய்ந்து வீங்கித் தண்டுவடத்தை அழுத்தும். தண்ணீர்க் குழாயை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கும்போது குழாய்க்குள் என்ன ஊற்றினாலும் ஓட்டம் சரியாகாது, முதலில் காலை எடுக்க வேண்டும். அதற்குத்தான் கழுத்தெலும்புகளை இணைத்து அசைவை நிறுத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1977-ல் அமெரிக்காவின் டிரிபிள் கிரவுன் எனப்படும் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற சியாட்டில் ஸ்லூ, முதுமையில் இதே தொல்லைக்காக 2000-லும் 2002-லும் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட குதிரை. முதல் அறுவைக்குப் பிறகு இனப்பெருக்கப் பண்ணை வேலைக்கும் திரும்பியது. எல்லாக் குதிரைக்கும் அறுவை ஏற்றதல்ல, செலவும் ஆபத்தும் உண்டு. ஆனால் எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் சாயம் செலுத்தி எடுக்கும் படமும் பார்த்து, நெருக்கல் இருக்கிறதா, எந்த எலும்பில் என்று தெரிந்துகொள்ளாமல் செல் ஊசிக்குப் போவது இருட்டில் நடப்பதுதான்.

இப்போது செல்கள் என்ன செய்யும் என்பதில் உள்ள தவறான எண்ணம். கெட்டுப்போன நரம்பணுவின் இடத்தில் புது நரம்பணுவாக வளர்ந்து உட்கார்ந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குதிரைகளில் பயன்படுவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி இவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள். இவை சுரக்கும் பொருட்கள் வீக்கத்தைக் குறைக்கும், எதிர்ப்பு மண்டலத்தைச் சாந்தப்படுத்தும், மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் பிழைக்க உதவக்கூடும். எதிர்பார்ப்பு அந்த அளவில்தான் இருக்க வேண்டும். வருடக்கணக்காகத் தண்டுவடத்தில் செத்துப்போன பகுதியை இவை திரும்பக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

தசைநாணுக்கு வேலை செய்தது, நரம்புக்கும் செய்யும் என்பது இன்னொரு தாவல். 2000-களின் தொடக்கத்திலிருந்தே பந்தயக் குதிரைகளின் தசைநாண் காயங்களுக்கு இந்தச் செல்கள் பயன்படுகின்றன, அனுபவமும் ஆராய்ச்சியும் அங்கே நிறைய. ஐரோப்பாவில் 2019 முதல் குதிரைகளுக்கு அனுமதி பெற்ற ஸ்டெம் செல் மருந்துகளும் மூட்டு நொண்டலுக்கும் தசைநாணுக்கும்தான். நரம்பில் கைவசம் இருப்பது சிறிய ஆய்வுகள். ஆரோக்கியமான குதிரைகளின் தண்டுவடத் திரவத்தில் செலுத்திப் பார்த்து, பெரிய தீங்கு இல்லை என்று கண்டிருக்கிறார்கள். அது பாதுகாப்பைப் பற்றிய செய்தி. நோய் குணமாகும் என்பது வேறு, அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனை வேண்டும்.

எந்த வழியாகச் செலுத்துகிறார்கள் என்பதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். கழுத்து ரத்தக்குழாயில் போடுவது எளிது, ஆனால் அப்படிப் போகும் செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். தண்டுவடத்துக்குச் சேர்வது மிகக் கொஞ்சம். தண்டுவடத் திரவத்தில் நேராகவும் செலுத்தலாம். இடுப்புப் பகுதியில் என்றால் மயக்கமில்லாமல், அமைதிப்படுத்தி, நிற்கவைத்தே செய்யலாம். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே என்றால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். குதிரைக்கு முழு மயக்கம் சின்ன விஷயம் இல்லை, மயக்கத்தாலும் அதற்குப் பிறகும் இறப்பது சுமார் 100-க்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. ஏற்கெனவே கால் தடுமாறும் குதிரை மயக்கம் தெளிந்து எழும்போது விழுந்து காலையோ கழுத்தையோ உடைத்துக்கொள்ளும் ஆபத்து இன்னும் கூடுதல். "எழுப்பும்போது யார் பிடிப்பார்கள், கயிறு கட்டி உதவுவீர்களா, தரையில் மெத்தை உண்டா" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் ஊசிக்குள் இருப்பது என்ன? மஜ்ஜையை எடுத்து அப்படியே செறிவாக்கியது, கொழுப்பைச் செரித்து அன்றே பிரித்த கலவை, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா, ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் வளர்த்த செல்கள், எல்லாவற்றையும் ஸ்டெம் செல் என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். பிளாஸ்மாவில் ஸ்டெம் செல்லே கிடையாது. வளர்த்ததில் மட்டுமே எத்தனை செல்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன, கிருமி இல்லை என்று சோதித்தார்களா என்று எழுத்தில் தர முடியும். மாட்டின் ரத்தச் சீரத்தில் வளர்த்திருந்தால் அதன் புரதம் மிஞ்சிக் குதிரையின் உடம்பு எதிர்வினை காட்டலாம். வேறொரு குதிரையின் செல் என்றால் மறுமுறை போடும்போது எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். உறைநிலையிலிருந்து உருக்கிய செல்கள் வெகுநேரம் தாங்காது, வழியில் வண்டி நின்றுபோய் அரை நாள் தாமதமானால் உள்ளே போவதில் செத்த செல்கள் நிறைய இருக்கக்கூடும். மூட்டு ஊசிகளில் வழக்கமாகச் சேர்க்கும் அமிக்காசின் போன்ற ஆன்டிபயாட்டிக் இந்தச் செல்களைக் கொல்லும் என்பதும் தெரிந்ததே, ஒரே சிரிஞ்சில் எதையும் கலக்கக்கூடாது.

சிகிச்சைக்குப் பின் நடக்கும் தவறு, கண்ணால் பார்த்து "தேறிவிட்டது" என்று சொல்வது. அன்போடு பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியத்தான் செய்யும். அதே சமயத்தில் மருந்து, ஓய்வு, வைட்டமின் எல்லாம் சேர்ந்து நடந்திருக்கும். தள்ளாட்டத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறை இருக்கிறது, 0 என்றால் இயல்பு, 5 என்றால் எழ முடியாத நிலை. லேசான நிலைகளில் இரண்டு அனுபவசாலிகளே வேறு வேறு எண் சொல்வார்கள். அதனால் முதல் நாளே அதே தரையில், அதே வட்டத்தில், அதே சரிவில் வீடியோ எடுத்து வையுங்கள். மாதாமாதம் அதேபோல் எடுத்து, எது முன்பு எது பின்பு என்று சொல்லாமல், சிகிச்சை செய்யாத ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்க மருந்தின் மிச்சம் இருக்கும் நாளில் எடுத்த வீடியோ கணக்கில் வராது.

கொஞ்சம் தேறியதும் ஏறி ஓட்டிப் பார்ப்பதும் நடக்கிறது. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள குதிரை தன் கால் எங்கே என்று தெரியாமல் விழும்போது மேலே இருப்பவர் அடியில் போவார். மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரை கையில் பிடித்து நடத்துவது மட்டும்தான்.

குதிரை படுத்துவிட்டு எழவே முடியாத நிலைக்கு வந்துவிட்டால், செல்கள் வளர்ந்து வருவதற்காக வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அவ்வளவு எடையில் அடிப்பக்கத் தசைகள் மணிக்கணக்கிலேயே கெட ஆரம்பித்துவிடும். புரட்டிப் போடுவது, கனமான படுக்கை, சிறுநீர் வெளியேற்றுவது, தூக்கி நிறுத்தும் பட்டை, வலிக்கு மருந்து, இவை அன்றே வேண்டும். இவற்றோடும் தாங்க முடியாத நிலை என்றால், துன்பத்தை நீட்டாமல் விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் அன்றே பேசிவிடுங்கள்.