ரீப்பரில் எழுதி விசிவி ராக்கில் ஒலிக்க வைப்பது: ஒரே கணினிக்குள் மிடியும் ஆடியோவும்

ரீப்பர் பாட்டை எழுதிப் பதிவு செய்யும் மென்பொருள். விசிவி ராக், மாட்யூல் எனப்படும் சின்னச் சின்ன ஒலிக்கருவிகளைத் திரையில் கேபிளால் இணைத்து ஒலிக்க வைக்கும் மென்பொருள். ராக்கின் இலவசப் பதிப்பை இறக்கியவர்கள் முதல் நாளே கேட்பது இதுதான்: "ரீப்பருக்குள் இது பிளகினாக வரவே இல்லையே?" வராது. பிளகினாக, அதாவது இன்னொரு மென்பொருளுக்குள்ளேயே, திறக்கும் வசதி காசு கொடுத்து வாங்கும் ப்ரோ பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பு தனி ஜன்னலில் தனியாகத்தான் ஓடும். ஆனாலும் ரீப்பரில் எழுதிய மெட்டை ராக் வாசிக்க, அந்த ஒலியை ரீப்பரே பதிவு செய்ய வழி இருக்கிறது. பழைய வீடியோக்களில் இதற்கு, இரண்டு இசை மென்பொருள்களை இணைக்கும் ரீவயர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதை உருவாக்கிய நிறுவனமே 2020 இறுதியோடு கைவிட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். மிடியில் சத்தம் கிடையாது. ஸ்வரம் எழுதிய தாளை நீட்டுவது மாதிரிதான் அது: "இந்த நோட்டை இப்போது அழுத்து, இவ்வளவு வேகத்தில் அழுத்து, இப்போது விடு". அழுத்தும் வேகம் 127 வரை ஓர் எண்ணாகப் போகும், அவ்வளவுதான். தாளை வாங்கி வாசிக்கிறவர் ராக். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு தனித்தனிப் பாதைகள். ரீப்பரிலிருந்து ராக்குக்கு மிடி போக ஒன்று, ராக்கிலிருந்து ரீப்பருக்கு ஒலி திரும்பி வர இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, சத்தம் வரவில்லை என்றால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாது. ஒன்றை முடித்துச் சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

தேவையானவை

விண்டோஸை வைத்துச் சொல்கிறேன். ரீப்பர் (60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்), விசிவி ராக் 2 இலவசப் பதிப்பு, மிடிக்கு லூப்மிடி, ஒலிக்கு விபி-கேபிள் (இரண்டும் மென்பொருளாலான கற்பனைக் கேபிள்கள்). லூப்மிடி சொந்த உபயோகத்துக்கு இலவசம். விபி-கேபிளுக்கு விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு மிடிப் பாதை கணினியிலேயே இருக்கிறது: ஆடியோ மிடி செட்டப்பைத் திறந்து, மிடி ஸ்டுடியோ ஜன்னலில் ஐஏசி டிரைவரை இரண்டு முறை சொடுக்கி ஆன்லைன் ஆக்கினால் போதும். ஒலிக்கு பிளாக்ஹோல் நிறுவிக்கொள்ளுங்கள். மற்றபடி முறை இதேதான்.

முதல் பாதை: மிடி

லூப்மிடியைத் திறந்து கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்துங்கள். ஒரு போர்ட், அதாவது மிடி போய்வரும் வாசல், உருவாகும். பெயரை அப்படியே விட்டுவிடலாம். இந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் போர்ட் இருக்கும், அதனால் மூடிவிடாதீர்கள். இதற்குப் பிறகு ரீப்பரையும் ராக்கையும் திறப்பது நல்லது. முன்பே திறந்திருந்தால் புதிய போர்ட் பட்டியலில் தெரியாமல் போகலாம்.

ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் மிடி அவுட்புட் பட்டியலுக்குப் போய், லூப்மிடி போர்ட்டின் மேல் வலது சொடுக்கில் எனேபிள் செய்யுங்கள். இன்புட் பட்டியலிலும் அதே பெயர் இருக்கும். அதைத் தொடாதீர்கள். இரண்டையும் இயக்கினால் ரீப்பர் அனுப்பிய நோட் ரீப்பருக்கே திரும்பி வந்து, அதை மறுபடி அனுப்பி, சுற்றிக்கொண்டே இருக்க வழியாகிவிடும்.

அப்புறம் ஒரு ட்ராக் போட்டு, அதில் நான்கைந்து நோட்டுகளை எழுதி லூப்பில் ஓடவிடுங்கள். ட்ராக்கின் ரூட் பொத்தானை அழுத்தினால் மிடி ஹார்ட்வேர் அவுட்புட் என்ற இடம் வரும், அங்கே லூப்மிடி போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ராக். அதைத் திறந்ததுமே எடுத்துக்காட்டாக ஒரு பேட்ச் (மாட்யூல்களை இணைத்து வைத்த அமைப்பு) இணைப்புகளோடு வந்து நிற்கும். அதில், மிடியை வோல்ட்டாக மாற்றும் மிடி டு சிவி என்ற மாட்யூலின் திரையைச் சொடுக்கி, டிரைவராக விண்டோஸ் மிடியையும் டிவைஸாக லூப்மிடி போர்ட்டையும் கொடுங்கள். சேனல் எல்லாம் என்றே இருக்கட்டும்.

இனி அதே மாட்யூலில், நோட் அழுத்தியிருக்கிறதா என்று சொல்லும் கேட் துளையிலிருந்து கிளம்பும் கேபிளின் முனையை உற்றுப் பாருங்கள். ரீப்பர் ஒவ்வொரு நோட்டை அனுப்பும்போதும் அங்கே சின்ன விளக்கு எரிந்து அணையும். நோட் அழுத்தியிருக்கும் வரை அந்தக் கேபிளில் 10 வோல்ட் இருப்பதாக ராக் கணக்கு வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள வோல்ட் பெர் ஆக்டேவ் கேபிள் சுருதியைச் சுமக்கிறது, ஒரு ஸ்தாயி ஏறினால் ஒரு வோல்ட் ஏறும். விளக்கு மினுக்கினால், காதுக்கு எதுவும் எட்டாவிட்டாலும், முதல் பாதை சரி. மினுக்காவிட்டால் கோளாறு மிடியில்தான், ஆடியோவைத் தொட வேண்டாம்.

இரண்டாம் பாதை: ஒலி

விபி-கேபிளை ஜிப்பிலிருந்து பிரித்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன்பின் யூடியூபில்கூடச் சத்தம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். விண்டோஸின் இயல்பான ஒலி வெளியீடு புதிய கேபிளுக்கு மாறியிருக்கும், ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டால் போதும்.

பெயரில் எல்லாரும் குழம்பும் இடம் இது. கேபிள் இன்புட், கேபிள் அவுட்புட் என்று இரண்டு வந்திருக்கும். கேபிளின் இரண்டு முனைகள் அவை. கேபிளுக்குள் ஒலியை ஊற்றும் வாய் இன்புட், அதனால் அது ஸ்பீக்கர்கள் இருக்கும் பட்டியலில் வரும். ஒலி வெளியே வரும் வாய் அவுட்புட், அது மைக்குகள் இருக்கும் பட்டியலில் வரும். ராக் ஊற்றுகிறது, ரீப்பர் பிடிக்கிறது.

அதன்படி ராக்கின் ஆடியோ மாட்யூலில் டிரைவர் வாசாபி (விண்டோஸின் சொந்த ஒலிப்பாதை), டிவைஸ் கேபிள் இன்புட், சாம்பிள் ரேட் (ஒரு செகண்டில் ஒலியை எத்தனை தடவை அளப்பது) 48,000, பிளாக் சைஸ் (ஒரே தடவையில் அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 256. ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் வாசாபி ஷேர்டு, இன்புட் டிவைஸாக கேபிள் அவுட்புட், அவுட்புட் டிவைஸாக உங்கள் ஸ்பீக்கர். சாம்பிள் ரேட் இங்கேயும் 48,000. விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் கேபிளின் இரண்டு முனைகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இதே எண்தானா என்று பாருங்கள். நான் முதல் தடவை செய்தபோது ஓரிடத்தில் மட்டும் 44,100 என்று இருந்ததைக் கவனிக்காமல், ஒரு ராத்திரி முழுக்க மிடியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ரீப்பரில் இரண்டாவது ட்ராக் போட்டு ரெக்கார்டு பொத்தானைச் சிவப்பாக்கி, இன்புட்டை ஸ்டீரியோவாக்கி, மானிட்டரை இயக்குங்கள். ராக்கின் ஒலி ஸ்பீக்கரில் வரும். நடுவே டக் டக் என்று வெட்டினால் பிளாக் சைஸை 512 ஆக்குங்கள். 256 என்பது 48,000-இல் சுமார் 5.3 மில்லிசெகண்ட் தாமதம், 512 என்றால் 10.7. கேபிளும் விண்டோஸும் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல்.

பதிவு

ரெக்கார்டு கொடுங்கள். முதல் ட்ராக் மிடியை அனுப்ப, இரண்டாவது ட்ராக்கில் அலைவடிவம் வளர்ந்துகொண்டே போகும். முடித்த பின் பெரிதாக்கிப் பார்த்தால், ஒலியின் ஆரம்பம் தாளக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். போய் வந்த நேரம் அது. ஸ்னாப்பை (கிளிப் தானாகக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும் வசதி) அணைத்துவிட்டு, முதல் அடி கோட்டில் உட்காரும் வரை கிளிப்பை இடப்பக்கம் நகர்த்துங்கள்.

ராக்கின் பேட்ச்சையும் தனியாகச் சேமியுங்கள், ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பில் அது சேராது. பிறகு முதல் ட்ராக்கை மியூட் செய்து, இரண்டாவதின் மானிட்டரை அணைத்துவிட்டுப் பதிவைக் கேளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ராக் நேரடியாக வாசிப்பதும் பதிவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும்.