ஊரடங்கு காலத்து நிதி ஓட்டம்: யாழ்ப்பாணத்தில் ஓடி இணையத்தில் பதிவேற்றுவது எப்படி

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஒரு சங்கம் நிதி சேர்க்க 5 கிலோமீற்றர் ஓட்டம் அறிவிக்கும். கொரோனா ஊரடங்கு போலக் கூட்டம் கூட முடியாத காலம் என்றால் அவரவர் இருக்கும் இடத்தில் ஓடி, போன் பதிந்த கணக்கை அனுப்பினால் போதும். 2020 ஒக்ரோபர் 4இல் லண்டன் மரதனைக்கூடப் பொதுமக்கள் இப்படித்தான் ஓடினார்கள். ஓட்டத்தை விட, ஓடியதை நிரூபிப்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அதனால் இங்கே சப்பாத்தைப் பற்றிக் குறைவாகவும் போனைப் பற்றிக் கூடவும் இருக்கும்.

பதிவும் பணமும்

வெளிநாட்டுத் தளத்தில் உங்கள் வங்கி அட்டை வேலை செய்யாவிட்டால், இணையவழி வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடும்படி வங்கியிடம் கேளுங்கள். பிரித்தானியத் தளங்களில் ‘கிஃப்ட் எய்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது அங்கே வரி கட்டுபவர்களுக்கு மட்டும். நீங்கள் அதில் சரி போடக்கூடாது.

நேரம்

கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், ரொறன்ரோ ஒன்பதரை. ஞாயிறு நள்ளிரவு முடிவு என்றால் லண்டனுக்கு அது நமது திங்கள் அதிகாலை 4.30, ரொறன்ரோவுக்குத் திங்கள் காலை 9.30. தொடக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. சனி தொடங்கும் ஓட்டம் என்றால், நாம் சனி விடிய ஓடும்போது ரொறன்ரோவில் இன்னும் வெள்ளிக்கிழமைதான். ஓடுபவரின் உள்ளூர்த் திகதியை ஏற்பார்களா என்று முதலே கேட்டுவிடுங்கள். கேட்க வழியில்லை என்றால் ஞாயிறு காலை ஓடுங்கள், இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

போன்: இங்கேதான் கவனம்

ஓட்டத்தைப் பதியும் செயலியான ஸ்ராவாவின் இலவசப் பதிப்பே போதும். பணம் கட்டும் வசதிகள் இந்த வேலைக்கு வீண்.

அன்ட்ரொயிட் போன்கள், முக்கியமாக ஷாவோமி, ஹுவாவே, ஒப்போ, பற்றரியை மிச்சம் பிடிக்கத் திரை அணைந்ததும் செயலியை நிறுத்திவிடும். ஓடி முடித்துப் பார்த்தால் வரைபடத்தில் வீடு, மதிலெல்லாம் ஊடறுத்து ஒரு நேர்கோடு கிடக்கும். வளைந்து ஓடிய வழி நேர்கோடானால் தூரமும் குறைந்துவிடும். செற்றிங்ஸில் ஸ்ராவாவைத் திறந்து, பற்றரிப் பகுதியில் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ அல்லது அதற்கு ஒத்ததைக் கொடுங்கள். சம்சுங்கில் உறங்கும் செயலிகளின் பட்டியலில் ஸ்ராவா இருந்தால் நீக்குங்கள். பற்றரி சேவர் அணைந்திருக்க வேண்டும்.

அடுத்தது ‘ஒட்டோ போஸ்’. நடந்து நடந்து ஓடுபவர்களுக்கு இது வினை: மெதுவாக நடந்தால் நின்றுவிட்டீர்கள் என்று எண்ணிப் பதிவை நிறுத்தும். அணைத்துவிடுங்கள்.

ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று திரை காட்டிய பிறகே தொடங்குங்கள். மாமரத்துக்குக் கீழ் நின்றால் தாமதிக்கும், திறந்த வெளிக்கு வாருங்கள். ஓடும்போது டேட்டா தேவையில்லை, பிறகு ஏற்றலாம். சரியாக 5.00இல் நிறுத்த வேண்டாம். ஏற்றிய பின் 4.98 ஆகலாம். 5.15 வரை ஓடுங்கள்.

எங்கே ஓடுவது

ஊரடங்கு இல்லாத நாளில் பண்ணைப் பாலம் நல்லது. கோட்டைப் பக்கமிருந்து வேலணைத் திசையில் 2.5 கிலோமீற்றர் போய்த் திரும்புங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், களைத்து வரும்போது பின்னால் தள்ளும். ஆனால் திரும்பும்போது வெயில் கண்ணில் குத்தும், தொப்பி வேண்டும். ஐந்தரைக்கே தொடங்குங்கள். ஒழுங்கைகளை நான் சொல்லமாட்டேன், விடியப்புறம் கட்டாக்காலி நாய்கள் அதிகம்.

கொரோனாக் காலத்தில், ஓடும்போது முகக்கவசம் அணிய வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையாக இருந்தது. ஆனால் பொது இடத்தில் முகக்கவசம் அப்போது இங்கே சட்டமாக இருந்தது. ஆளில்லாத நேரத்தில், விலகி ஓடுங்கள். அப்படிச் சட்டம் இருந்தால் முகக்கவசம் ஒன்றைப் பையில் வைத்திருந்து, நின்றதும் போடுங்கள்.

ஊரடங்கு போட்டால் றோட்டில் இறங்காதீர்கள், வளவுக்குள்ளேயே முடிக்கலாம். ஆனால் சின்ன வட்டத்தில் ஜிபிஎஸ் நம்பத்தகாதது. சில மீற்றர் பிழை ஒவ்வொரு சுற்றிலும் சேரும். உங்கள் கால் படும் தடத்தை நாடாவால் அளவுங்கள், மதிலை அல்ல. மூலைகளை நாம் வெட்டித்தான் ஓடுவோம். தடம் 30 மீற்றர் என்றால் 167 சுற்று. எண்ணிக்கை தவறாமலிருக்க 16 புளியங்கொட்டையை ஒரு தட்டில் வைத்து, பத்துச் சுற்றுக்கு ஒன்றாக மற்றத் தட்டுக்கு மாற்றுங்கள். முடிந்ததும் இன்னும் ஏழு சுற்று. ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்பக்க முழங்கால் நோகும், ஒவ்வொரு கொட்டைக்கும் திசை மாற்றுங்கள். இப்படிக் கையால் பதியும் தூரத்தைச் சில ஏற்பாட்டாளர்கள் ஏற்கமாட்டார்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள்.

அனுப்புவது

ஏற்பாட்டாளர்கள் ஸ்ராவா இணைப்பைக் கேட்டால், அந்த ஓட்டத்தை ‘எவ்ரிவன்’ என்று மாற்றாவிட்டால் அவர்களால் திறக்க முடியாமல் போகலாம். அப்படித் திறந்தால் உங்கள் படலை இருக்கும் இடமும் தெரியும். பிரைவசி பகுதியில் தொடக்கத்தையும் முடிவையும் வரைபடத்தில் மறைத்துவிடுங்கள், தூரம் குறையாது. ஓடிய தடம் பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்புக் கேட்டால் செயலியில் தேட வேண்டாம். பிரவுசரில் ஸ்ராவா தளத்துக்குப் போய், ஓட்டத்தின் பக்கத்தில் மூன்று புள்ளியை அழுத்தி எடுக்கலாம்.

பின்சேர்க்கை: ஐபோனில் தடம் கோணல்மாணலாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு செயலிக்கும் ‘பிரிசைஸ் லொகேஷன்’ என்று தனிப் பொத்தான் உண்டு. ஸ்ராவாவுக்கு அது அணைந்திருந்தால் தெருவைத் தெரியாது, ஊரைத்தான் தெரியும்.