வீட்டிலேயே நில அதிர்வுமானி: ஹார்டுவேர் கடைச் சாமான்கள் போதும்

பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடக்கும் பெரிய நிலநடுக்கத்தை வீட்டு மூலையில் வைத்தே பதிவு செய்யலாம். அதற்கு ஓர் அலுமினியக் குழாய், கொஞ்சம் எடை, மூன்று காந்தம், ஒரு கம்பிச்சுருள் இருந்தால் போதும். இங்கே சொல்லப்போவது லேமன் வகை. 1979ல் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் வந்ததிலிருந்து ஆர்வலர்கள் இதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொம்மை ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டுச் செய்யும் வகையும் உண்டு. தூரத்து நிலநடுக்கம்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு லேமனுக்கே.

ஏன் என்றால், தூரத்திலிருந்து வரும் பரப்பு அலைகள் ஒருமுறை ஆடி முடிக்கவே 20 விநாடி ஆகும். அவ்வளவு மெதுவான அசைவைப் பிடிக்க ஊசலும் மெதுவாக ஆட வேண்டும். அரை மீட்டர் நீளச் சாதாரண ஊசலின் அலைவு நேரம் 1.4 விநாடிதான். அதே அரை மீட்டர் தண்டைக் கதவுபோல் படுக்கவைத்துத் தொங்கவிட்டால் 15, 20 விநாடிக்குக் கொண்டுபோகலாம்.

சட்டம்

அடித்தளத்துக்குக் கனமான இரும்புத் தகடு அல்லது கிரானைட் பலகை. மரம் வேண்டாம், ஈரப்பதம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதுவும் வளையும். ஒரு முனையில் ஒன்றரை அடி உயரத் தூண். தூணின் அடியில் தண்டின் (அதாவது அந்த அலுமினியக் குழாயின்) ஒரு முனை முட்டி நிற்கும். தூணின் உச்சியிலிருந்து ஒரு கிட்டார் கம்பி இறங்கி, எடை இருக்கும் இடத்தில் தண்டைத் தாங்கும். எடை ஒன்றிரண்டு கிலோ, தூணிலிருந்து அரை மீட்டரில்.

தண்டு தூணில் முட்டும் இடத்தில் கூரான போல்ட் வைக்கச் சொல்வார்கள். கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு ஒன்றைத் தண்டின் முனையில் ஒட்டி, கட்டர் பிளேடின் தட்டையான பக்கத்தில் முட்டவிடுங்கள். குண்டு உரசாமல் உருளும்.

அடித்தளத்துக்கு மூன்று 6 மி.மீ. போல்ட் கால்கள்: தூண் பக்கம் இரண்டு, எடைப் பக்கம் ஒன்று.

அலைவு நேரம் வைப்பது

பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான், நிதானமாகப் படியுங்கள்.

மேலே கம்பி கட்டிய புள்ளியையும் கீழே குண்டு முட்டும் புள்ளியையும் ஒரு கோட்டால் இணைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சுழல் அச்சு. அது எடைப் பக்கமாகத் துளி சாய்ந்திருந்தால் தண்டு தானாக நடுவுக்குத் திரும்பும். சாய்வு குறையக் குறைய அலைவு நேரம் நீளும். செங்குத்தைத் தாண்டினால் தண்டு ஒரு பக்கம் போய் விழுந்துவிடும்.

எவ்வளவு சாய்வு? 15 விநாடிக்கு அரை டிகிரி. 20 விநாடிக்கு 0.29 டிகிரி. இதை ரசமட்டம் வைத்துப் பார்க்க முயலாதீர்கள். ஸ்டாப்வாட்ச்தான் உங்கள் அளவுகோல்.

எடைப் பக்கக் காலை உயர்த்தினால் அலைவு நேரம் கூடும். 6 மி.மீ. போல்ட்டை ஒரு சுற்று சுற்றினால் 1 மி.மீ. உயரும். முன்கால் பின்கால் இடைவெளி 60 செ.மீ. என்றால், 10 விநாடியிலிருந்து 15க்குப் போக ஏறத்தாழ ஏழு சுற்று ஆகும். 15லிருந்து 20க்கு இரண்டேகால். 20லிருந்து 25க்கு ஒரே ஒரு சுற்று! முதலில் தாராளமாகச் சுற்றிய கை அதே வேகத்தில் போனால் தண்டு சாய்ந்துவிடும். 12 விநாடி தாண்டியதும் கால் கால் சுற்றாகப் போங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டு ஐந்து அலைவுகளை எண்ணி, ஐந்தால் வகுங்கள்.

அப்புறம் பக்கவாட்டுச் சாய்வு. 15 விநாடியில் அடித்தளம் பக்கவாட்டில் 0.1 டிகிரி சாய்ந்தால் தண்டு சுமார் 11 டிகிரி ஒதுங்கும். தண்டை நடுவுக்குக் கொண்டுவரத் தூண் பக்கக் கால்களில் ஒன்றை மட்டும் தொடுங்கள், இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் வைத்த அலைவு நேரமும் கலைந்துபோகும்.

முதல் கருவிக்கு 15 விநாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 25க்கு ஆசைப்பட்டால் வெயில் ஏறி இறங்குவதற்கெல்லாம் தண்டு ஒதுங்கும், தினமும் போல்ட்டும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

தணிப்பு

தண்டின் கோடியில் ஒரு செம்புத் தகடு. அதன் இரு பக்கமும் தொடாமல், அடித்தளத்தில் நிறுத்திய நியோடிமியம் காந்தங்கள். தகடு அசைந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அசைவை அடக்கும். எண்ணெய்க் கிண்ணமும் வேலை செய்யும், ஆனால் தூசி விழும், குளிரில் கெட்டியாகும். தண்டை விரலால் விலக்கி விடுங்கள். நடுவைச் சற்றே தாண்டி, திரும்பி வந்து நின்றால் சரி. நாலைந்து முறை ஆடினால் காந்தங்களை நெருக்குங்கள்.

மின்சாரப் பகுதி

பழைய ரிலேயிலிருந்து எடுத்த கம்பிச்சுருளைத் தண்டில் பொருத்தி, இன்னொரு காந்தத்தை அடித்தளத்தில் வையுங்கள். சுருளின் பக்கத்தில் இரும்புத் திருகு வேண்டாம், பித்தளை போடுங்கள். இல்லாவிட்டால் காந்தம் தண்டையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

தண்டு அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும், அதைக் கணினிக்கு எண்ணாக மாற்றித் தர வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் 10 பிட் மாற்றி அதற்குப் போதாது. அதன் ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், சுருளில் வருவதோ மைக்ரோவோல்ட் கணக்கில். ஏடிஎஸ்1115 என்ற தனி மாற்றிச் சில்லு வாங்குங்கள். 16 பிட், மிகச் சிறிய வரம்பில் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட். அதற்கு முன்னால் நூறு மடங்கு பெருக்கும் ஆப்-ஆம்ப் ஒன்று. விநாடிக்கு 20 முறை அளந்தால் தாராளம்.

பிறகு சேர்த்தவை

செய்து பார்த்தவர்கள் அனுப்பிய சந்தேகங்களிலிருந்து:

"அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு வருகிறது." ஏடிஎஸ்1115 பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் மின்னழுத்தத்தை வாங்காது. இரண்டு சம மின்தடைகளால் மின்வழங்கலைப் பாதியாகப் பிரித்து, சுருளின் ஒரு முனையையும் ஆப்-ஆம்பின் ஆதாரப் புள்ளியையும் அந்த நடுப்புள்ளியில் கட்டுங்கள். நடுப்புள்ளிக்கும் ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் முழு அலையும் கிடைக்கும்.

"இரவில் நடந்தால்கூடக் கோடு தாவுகிறது." தரை உங்கள் எடையில் சாய்கிறது. தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேராகப் போட்ட கான்கிரீட்டில் வையுங்கள். காற்று நுழையாத பெட்டியால் மூடி, விளிம்பில் ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் சிலந்தி ஒரே ஒரு இழை கட்டினாலும் பதிவு செத்துவிடும்.

"நிலநடுக்கமே வரவில்லை, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?" பெருக்கத்தைக் கூட்டி, 4 முதல் 8 விநாடி இடைவெளியில் இடைவிடாத சிற்றலை தெரிகிறதா பாருங்கள். கடல் அலைகளால் பூமி முழுக்க எப்போதும் இருக்கும் நுண்ணதிர்வு அது. கடலில் புயல் வீசும் நாட்களில் தடிக்கும். அது தெரிந்தால் கருவி உயிரோடு இருக்கிறது.

"பதிவு வந்தது, ஆனால் எந்த நிலநடுக்கத்தோடும் பொருந்தவில்லை." முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். நிலநடுக்கப் பட்டியல்களில் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், உங்கள் கோப்பையும் யுடிசியிலேயே எழுதுங்கள், இணையத்தோடு நேரத்தைத் தானாகச் சரிசெய்யும்படி வையுங்கள். அடுத்தது தண்டின் திசை. வடக்கு தெற்காக நீண்ட தண்டு கிழக்கு மேற்கு அசைவை மட்டுமே காட்டும். மற்றத் திசைக்கு இன்னொன்று கட்டத்தான் வேண்டும்.