எரிமலை வாயுவை அளக்கிறீர்களா? முதலில் உயரத்தைக் கேளுங்கள்

சென்டினல்-5பி செயற்கைக்கோளில் இருந்து காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் கருவி ட்ரோபோமி. அதன் தரவை முதன்முதலாகத் திறக்கும் மாணவர்கள், 2019இல் நான் வழுக்கி விழுந்த அதே இடத்தில் வரிசையாக விழுகிறார்கள். மேகத்தை வடிகட்டு, அலகைச் சரிபார் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

கண்ணில் பட்ட முதல் எண்ணை எடுப்பது

சென்டினல்-5பியின் சல்பர் டை ஆக்சைடு கோப்பில் முதலில் தென்படும் மொத்த அளவு, தரையோடு ஒட்டிய தொழிற்சாலை மாசுக்காகக் கணக்கிட்டது. எரிமலைக்கானவை உள்ளே தனியாக, 1, 7, 15 கிலோமீட்டர் என்று மூன்று உயரங்களுக்கு இருக்கின்றன. என்ன வித்தியாசம் என்கிறீர்களா? கருவி பார்ப்பது திரும்பி வரும் புற ஊதா ஒளியை. காற்று மூலக்கூறுகள் அதைச் சிதறடிப்பதால் தாழ்வாக இருக்கும் வாயு மங்கலாகத்தான் தெரியும், அந்த மங்கலை ஈடுகட்ட மென்பொருள் அளவைக் கூட்டிக் கொடுக்கும். வாயு உண்மையில் மேலே இருந்தால் ஈடுகட்ட எதுவுமில்லை, ஆனாலும் கூட்டல் நடந்துவிடும்.

2019 ஜூனில் ரஷ்யாவின் குரில் தீவுகளில் உள்ள ராய்கோகே எரிமலை வெடித்து, ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் என்னும் மேல் வளிமண்டல அடுக்கு வரை சுமார் 15 லட்சம் டன் சல்பர் டை ஆக்சைடைத் தள்ளியது. நான் அந்த முதல் எண்ணை வைத்துக் கூட்டினேன். பல மடங்கு வந்தது. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில், பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில் இரண்டு வாரம் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன்! வழிகாட்டி பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "எந்த உயரத்துக்கு?" அவ்வளவுதான், எல்லாம் குப்பைக்குப் போனது. இன்றைக்கும் யாராவது உயரம் சொல்லாமல் டன் கணக்கு மட்டும் காட்டினால் எரிச்சல் வருகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இத்தாலியின் எட்னா எரிமலையின் உச்சி 3,300 மீட்டருக்கும் மேல். வெடிப்பில்லாத நாளில் வாயு அந்த உயரத்தை ஒட்டித்தான் மிதக்கும், அதற்கு 7 கிலோமீட்டர் எண்ணை எடுத்தால் குறைவாக வரும். 1 கிலோமீட்டர் எண்ணுக்கும் 7 கிலோமீட்டர் எண்ணுக்கும் நடுவில், அந்த உயரத்துக்கான எண்ணை இடைச்செருகிக் கணக்கிடுங்கள்.

தரைக் காற்றை நம்புவது

ஃப்ளக்ஸ், அதாவது குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்ற கணக்கில், காற்றின் வேகம் நேரடியாகப் பெருக்கப்படுகிறது. வேகத்தைப் பாதியாகப் போட்டால் விடையும் பாதிதான். வாயு மிதக்கும் உயரத்தின் காற்றை எடுங்கள், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக் காற்றை அல்ல.

ஒரு படத்தை ஒரு நாளாக்குவது

செயற்கைக்கோள் மதியம் ஒன்றரை மணிவாக்கில் கடக்கிறது. காலையில் எரிமலை என்ன செய்தது என்று அந்தப் படம் சொல்லாது.

நெகடிவ் எண்களை அழிப்பது

அழிக்காதீர்கள். அவை அளவீட்டின் இரைச்சல்; பாசிடிவ் பக்க இரைச்சலை மட்டும் விட்டுவைத்தால் சராசரி வீங்கிவிடும்.