தலைச்சுத்து வந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

எங்கள் ஊரில் யாருக்காவது தலை சுத்தினால் "பிறசர் குறைஞ்சிட்டுது, தேசிக்காய்த் தண்ணி குடி" என்பதோடு கதை முடிந்துவிடும். எனக்கு இரண்டு வருடம் அப்படித்தான் போனது. வீடே தோணிபோல ஆடும், சத்தி வரும், ஆனால் தலையிடி இருக்காது. அதனால் சின்ன வயதில் இருந்த ஒற்றைத் தலையிடியோடு இதைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இருந்தது வெஸ்டிபுலர் மைக்ரேன், அதாவது தலைச்சுத்தாக வரும் ஒற்றைத் தலையிடி வகை. அது தலையிடி இல்லாமலும் வரும்.

சரி, ஒரு கொப்பி எடுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். படுக்கையில் புரளும்போது சில விநாடி மட்டும் சுற்றினால், அது பெரும்பாலும் உள்காதில் உள்ள துகள்கள் இடம்மாறுவதால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு. மைக்ரேன் தலைச்சுத்து 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை இழுக்கலாம். அந்த நேரம் வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் இருந்ததா, கண்முன் கோடுகள் மினுங்கினவா என்பதையும் குறியுங்கள். காது அடைத்து, இரைந்து, கேட்பது குறைந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது மெனியர் என்ற உள்காது நோயாகவும் இருக்கலாம். இந்த மைக்ரேனைக் காட்டித்தரும் தனிப் பரிசோதனை கிடையாது. ஸ்கான் எடுப்பது வேறு நோய் இல்லையென்று பார்க்கத்தான், வைத்தியர் முடிவெடுப்பது பெரும்பாலும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான்.

என் கொப்பியில் அதிகம் நிரம்பியிருந்தவை நல்லூர்த் திருவிழா நாட்கள். 25 நாளும் விரதம், நேரம் தப்பிய சாப்பாடு, வெயில், குறை நித்திரை, எல்லாம் ஒன்றாகச் சேரும். இப்போது அம்மா முகம் சுளித்தாலும் காலையில் பாலும் பழமும் எடுத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்துக்குத்தான் எழும்புவேன்.

சுற்றத் தொடங்கினால் இருட்டறையில் படுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மோட்டார் சைக்கிளைத் தொடவேண்டாம், தனியே கிணற்றடிக்கும் போகவேண்டாம். பனடோலை அடிக்கடி போடுவதும் ஆபத்து: மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று போனால் மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். அடிக்கடி வந்தால், வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் குளிசைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான புரோப்ரனோலோல் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, இழுப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் பேச்சுக் குழறினால், முகம் ஒருபக்கம் கோணினால், கைகால் சோர்ந்தால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமல் போனால் கொப்பியெல்லாம் வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.