கடைக்கு எந்த கியூஆர் கோட் சரி?

முதலில் பார்க்க வேண்டியது, அச்சடித்த பிறகு உள்ளே இருப்பது மாறுமா என்பதைத்தான். வைஃபை கடவுச்சொல், வட்ஸ்அப் இலக்கம் போன்றவற்றுக்கு, அச்சடித்த பின் மாற்ற முடியாத நிலையான கோட் போதும். கட்டணமும் இல்லை, காலாவதியும் இல்லை. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியல் அடிக்கடி மாறும். அதற்கு மாற்றக்கூடிய கோட் எடுக்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது, கோட் தரும் நிறுவனத்தின் வழியாக உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஒரு குறுகிய இணைப்புத்தான். அந்த நிறுவனத்துக்குக் கட்டும் சந்தா நின்றால் மேசை மேசையாக ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் வீண். சொந்த இணையதளம் இருந்தால் அதன் முகவரியையே நிலையான கோடாக்கி, பக்கத்தை மட்டும் திருத்துங்கள். அதுவே மேல்.

காசு வாங்க இவை உதவாது. வங்கியிடம், இலங்கையின் பொதுவான கட்டணக் கோடான லங்கா கியூஆர் கேளுங்கள். கல்லாவில் ஒட்டும் ஸ்டிக்கர் என்றால் தொகையை வாடிக்கையாளரே அடிப்பார். 1,500க்குப் பதில் 150 விழுவது இங்கேதான், ஆகவே வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். நெரிசலான புறக்கோட்டைக் கடைக்கு, பில்லுக்குப் பில் தொகையோடு திரையில் வரும் கோட் நல்லது.

அச்சிடும்போது நாற்புறமும், கோடில் உள்ள சின்னச் சதுரக் கட்டங்களில் 4 கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விடுங்கள். அதை வெட்டினால் கமரா தடுமாறும். எண்ணெய், கீறல் படும் இடமென்றால் கோட் உருவாக்கும்போது பிழைதிருத்த நிலையில் மிக உயர்ந்ததான 'எச்' (H) தெரிவு செய்யுங்கள். சுமார் 30% சேதம் வரை தாங்கும். கட்டங்கள் கூடுவதால் சற்றுப் பெரிதாக அடியுங்கள்: 1 மீற்றர் தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய 10 சென்ரிமீற்றர் அகலம்.